ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில்

கட்டட வேலை நடக்கும் இடத்தில் அவரைப் பெயர் சொல்லிக் கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. கொக்கு என்றால்தான் தெரியும். கழுத்து கொஞ்சம் நீளம். பார்த்த வேலையும் அதற்குத் தோதானது. டவர் கிரேனின் உச்சியில், கீழே நிற்பவர்கள் எறும்பாகத் தெரியும் உயரத்தில், ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார்ந்து, இரண்டு கால்களுக்கு நடுவே பதித்திருந்த கண்ணாடி வழியாகக் குனிந்து பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பதினெட்டு வருஷம் அப்படிக் குனிந்தார்.

பெட்டி என்றால் பெட்டிதான். ஒரு நாற்காலி, இரண்டு பக்கமும் இரண்டு லீவர், காற்றின் வேகத்தைக் காட்டும் சின்னத் திரை, ஒரு வாக்கி டாக்கி. எழுந்து நின்று சோம்பல் முறிக்க இடம் கிடையாது. காலையில் இருநூற்றுச் சொச்சம் படி ஏணியில் ஏறினால் மாலையில்தான் இறக்கம். சாப்பாட்டுப் பையைக் கயிறு விட்டு மேலே இழுத்துக்கொள்வார். ஒன்றுக்குப் போக ஒரு பாட்டில். பேச்சுத்துணைக்கு வாக்கி டாக்கியில் ஒரே ஒரு குரல். அதுவும் "மேல, இன்னும் கொஞ்சம் மேல, நிறுத்து" என்பதைத் தாண்டாது. மற்ற எல்லாவற்றுக்கும் சிகரெட்தான். ஒரு பாரத்தை இறக்கி வைத்தால் ஒன்று. அடுத்த பாரத்தைக் கட்டத் தாமதமானால் இன்னொன்று. காற்று கூடி வேலை நின்றுவிட்டால் எத்தனை என்று அவருக்கே தெரியாது. கேபினில் புகைக்கக் கூடாது என்று கதவில் ஒட்டியிருந்தது. அதைக் கண்காணிக்க எந்த அதிகாரி அந்த ஏணியில் மூச்சு வாங்க ஏறி வரப்போகிறார்.

வீட்டில் அவர் நாளைக்கு நாலு சிகரெட் குடிக்கிறவர். மேலே குடித்த பதினைந்தைப் பற்றி மனைவிக்குத் தெரியாது. பொய் சொன்னார் என்றும் சொல்ல முடியாது. அவள் கேட்டதில்லை, இவர் சொன்னதில்லை.

வாக்கி டாக்கியில் வந்த குரல் மனைவியின் அண்ணனுடையது. மச்சான் கீழே நின்று கை காட்டுகிற சிக்னல் ஆள். குண்டு உடம்பு, மெல்லிய குரல். ஒருவர் கண்ணாக இன்னொருவர் கையாக, பதினோரு வருஷம் ஒன்றாக வேலை பார்த்தார்கள். வீட்டுக்கு வந்தால் பேசிக்கொள்ள இருவருக்கும் விஷயமே இருக்காது. எல்லாம் அங்கேயே தீர்ந்துவிடும்.

முதலில் கழுத்து பிடித்துக்கொண்டது. தைலம் தேய்த்தார், தலையணையை மாற்றினார். பிறகு இடது கையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் எறும்பு ஊர்வதுபோல் ஆயின. கையை உதறிக்கொள்வார், சரியாகிவிடும். ஒருநாள் காலை உதறியும் சரியாகவில்லை. அன்றைக்குத்தான் அது நடந்தது.

கம்பிக் கட்டு ஒன்று கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது. கிரேனின் கையை இடப்பக்கமாகத் திருப்பிக்கொண்டிருந்தார். லீவரைப் பிடித்திருந்த இடது கை எப்போது நழுவியது என்று அவருக்குத் தெரியவில்லை, அவ்வளவு மரத்துப்போயிருந்தது. விட்ட லீவர் தானாக நடுவுக்கு வந்தது, கிரேன் வெடுக்கென்று நின்றது, கம்பிக் கட்டு நிற்கவில்லை. அது ஊஞ்சல்போல் வீசிக்கொண்டு போனதைக் கால்களுக்கு நடுவே பார்த்தார். மஞ்சள் ஹெல்மெட் ஒன்று தெறித்து உருண்டது. ஹெல்மெட்டுக்குச் சொந்தக்காரர் தரையோடு தரையாகக் கிடந்தார்.

வாக்கி டாக்கியில் ஒரு சத்தமும் இல்லை. இறங்கி ஓடவும் முடியாது, கீழே இருப்பவர்கள் தலைக்கு மேல் பாரம் தொங்குகிறது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் குரல் வந்தது.

"மாப்ள, நான் நல்லாத்தான் இருக்கேன். கட்டு ஆடுது பாருங்க. மெதுவா இறக்குங்க."

இறக்கினார். ஏணியில் இறங்கும்போது இடது கையை நம்ப முடியாமல் ஒவ்வொரு படிக்கும் வலது கையால் தொங்கினார். கீழே காத்திருந்த பாதுகாப்பு அதிகாரி தன் இரண்டு விரலை நீட்டி, "அமுக்குங்க" என்றார். வலது கையில் அமுக்கினார். இடது கையில் அமுக்கியதாகத்தான் நினைத்தார். அதிகாரி, "நான் அமுக்கச் சொன்னேன்" என்றார் மறுபடியும். அதோடு மேலே ஏறும் அனுமதி போயிற்று.

முதுகெலும்பு டாக்டரம்மா படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டிக் காட்டினார். கழுத்தில் ஐந்தாவது எலும்புக்கும் ஆறாவது எலும்புக்கும் நடுவில் ஜவ்வு பிதுங்கி நரம்பை நசுக்கிக்கொண்டிருந்தது.

"இதை எடுத்துடணும். எடுத்த இடத்துல ரெண்டு எலும்பையும் சேர்த்து ஒட்ட வச்சுடலாம், அந்த இடம் அசையாது. இல்லன்னா ஜவ்வுக்குப் பதிலா செயற்கை டிஸ்க் வைக்கலாம். அது அசையும்."

"அசையணும் டாக்டர். எனக்குக் குனிஞ்சு பாக்குறதுதான் வேலையே."

டாக்டர் மேஜை இழுப்பறையிலிருந்து ஒன்றை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார். நகத்தளவு இரண்டு உலோகத் தகடுகள், நடுவில் வழவழவென்று ஒரு பிளாஸ்டிக் குமிழ். தகட்டின் வெளிப்புறம் மட்டும் உப்புத்தாள் மாதிரி இருந்தது.

"இந்தச் சொரசொரப்புக்குள்ள உங்க எலும்பு வளர்ந்து பிடிச்சுக்கணும். நான் வைக்கிறது பாதி வேலைதான், மீதி எலும்போட வேலை. சிகரெட் அந்த வேலையைக் கெடுக்கும். எத்தனை குடிப்பீங்க?"

"நாலு" என்றார். பக்கத்தில் மனைவி ஆமாம் என்று தலையசைத்தாள்.

"ஆபரேஷனுக்கு முன்னாடி ஆறு வாரம், பின்னாடி ஆறு மாசம். ஒண்ணுகூடக் கூடாது."

மனைவி கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவள். அரை மில்லிமீட்டர் பிசகினாலும் விடாத கை. கேள்வியும் அப்படித்தான் இருக்கும். "குடிச்சா கண்டிப்பா கெட்டுப்போயிடுமா டாக்டர்?"

"எலும்பை ஒட்ட வைக்கிற ஆபரேஷன்னா, ஆமா, சிகரெட் கெடுதல்னு அடிச்சுச் சொல்லுவேன். டிஸ்க் விஷயத்துல ஆராய்ச்சி அவ்வளவு தெளிவா இல்லம்மா. குடிக்கிறவங்களுக்கும் நல்லா அமைஞ்சிருக்கு, குடிக்காதவங்களுக்கும் சரியா அமையாமப் போயிருக்கு. அதுக்காக நான் துணிஞ்சு பாக்க மாட்டேன்."

டாக்டர் அரை மணி நேரம் பேசினார். கொக்கு அதில் ஒரே ஒரு வரியைத்தான் மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்ததுபோல் வீட்டுக்குக் கொண்டுவந்தார். குடிக்கிறவங்களுக்கும் நல்லா அமைஞ்சிருக்கு.

ஆனாலும் விட்டார். நிகோடின் சூயிங்கம் வாங்கி மாடு அசைபோடுவதுபோல் நாள் பூராவும் மென்றார். ஆறு வாரம் முடிந்து சிறுநீர்ப் பரிசோதனை செய்தால், நிகோடின் இருக்கிறது என்று வந்தது. "நான் சத்தியமாக் குடிக்கல" என்றார். டாக்டர் நம்பினார். "மெல்றதுலயும் அதே நிகோடின்தானே. எலும்புக்கு அது புகையா வருதா பசையா வருதான்னு தெரியாது" என்று சொல்லித் தேதியைத் தள்ளி வைத்தார். மறுபடி ஆறு வாரம். இந்த முறை வெறும் வாய். எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்தார், பிறகு போய் மன்னிப்புக் கேட்டார், மன்னிப்புக் கேட்கும்போதும் எரிந்து விழுந்தார். பரிசோதனையில் தேறினார்.

கழுத்தின் முன்பக்கம் இரண்டு விரல் அகலத்துக்குக் கீறி டிஸ்க்கை வைத்தார்கள். மயக்கம் தெளிந்து கண் விழித்தபோது இடது கையில் எறும்பு இல்லை. அவர் நம்பாமல் கட்டைவிரலை ஆள்காட்டி விரலோடு தேய்த்துத் தேய்த்துப் பார்த்தார். மனைவி அந்தக் கையைப் பிடித்து, "போதும், தோல் உரிஞ்சுடப் போகுது" என்றாள். இருவரும் சிரித்தார்கள். தொண்டை வலித்ததால் அவர் சத்தமில்லாமல் சிரித்தார்.

வீடு மூன்றாவது மாடியில், இரண்டு அறை. கனம் தூக்கக் கூடாது, கையைத் தலைக்கு மேல் உயர்த்தக் கூடாது, குனியக் கூடாது. எட்டு மணிக்கு மனைவி கடைக்குப் போய்விடுவாள். ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர், கை நீட்டினால் தொடலாம். பதினெட்டு வருஷம் பெட்டிக்குள் உட்கார்ந்தவருக்கு இது என்ன பெரிய விஷயம் என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் அந்தப் பெட்டியைச் சுற்றிலும் வானம் இருந்தது, கையில் வேலை இருந்தது. இங்கே சுவரில் ஒரு நீர்க்கசிவுக் கறை இருந்தது. பத்து நாளில் அதன் ஓரங்கள் எல்லாம் அவருக்கு மனப்பாடம்.

மச்சான் தினமும் வேலை முடிந்த கையோடு வந்தார். மனைவி திரும்ப ஒரு மணி நேரம் இருக்கும். இருவரும் மாடிப்படித் திருப்பத்தில் நிற்பார்கள், மச்சான் ஜன்னலோரம் சிகரெட் பிடிப்பார். மூன்றாவது வாரம் கொக்கு கையை நீட்டினார்.

"ஒரு இழுப்பு."

"டாக்டர் வேணாம்னாங்களே மாப்ள."

"குடிக்கிறவங்களுக்கும் நல்லா அமைஞ்சிருக்குன்னும் சொன்னாங்க."

மச்சான் யோசித்தார். முடியாது என்று சொல்ல நாக்கு எழவில்லை. அன்றைக்குக் கம்பிக் கட்டு வீசியதை மனதில் வைத்துக்கொண்டுதான் மறுக்கிறான் என்று மாப்பிள்ளை நினைத்துவிட்டால்? அதைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தைகூடப் பேசியிருக்கவில்லை. பேசாத விஷயத்தின் மேல் ஒரு சிகரெட்டை வைத்து மூடிவிடலாம் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். கொடுத்தார்.

மறுநாள் ஒன்று முழுதாக. அடுத்த வாரம் மூன்று. பிறகு மச்சான் ஒரு பாக்கெட்டையே படிக்கட்டில் மீட்டர் பெட்டிக்குப் பின்னால் விட்டுப் போனார். குடித்துவிட்டுப் பல் விளக்கி, சட்டை மாற்றி, மனைவி கதவைத் தட்டும்போது கொக்கு நீர்க்கறையைப் பார்த்தபடி படுத்திருப்பார்.

மூன்றாம் மாதம் எக்ஸ்ரே எடுத்தார்கள். மேல்தகட்டுக்கும் எலும்புக்கும் நடுவே ஒரு கறுப்புக் கோடு தெரிந்தது, முடி கனத்துக்கு. டாக்டர் வெகுநேரம் அதையே பார்த்தார்.

"இந்நேரம் இது மூடியிருக்கணும். சிகரெட்?"

"இல்ல" என்றார் கொக்கு.

"தொடவே இல்ல டாக்டர்" என்றாள் மனைவி. "நான் சாட்சி."

அந்தக் கணத்தில் சொல்லியிருக்கலாம். சொன்னால் அவளைப் பொய்ச்சாட்சி ஆக்குவதாகிவிடும் என்று தனக்குத்தானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டார். திரும்பும்போது பேருந்தில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, கழுத்து குலுங்காமல் இருக்கத் தன் தோளை அணையாகக் கொடுத்தாள். அவர் நேராக முன்னால் பார்த்தபடியே வந்தார். கழுத்தைத் திருப்பக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தது வசதியாகப் போயிற்று.

அந்தக் கோட்டின் நினைப்பு வரும்போதெல்லாம் பயம் வந்தது. பயம் வந்தால் சிகரெட் வேண்டியிருந்தது. ஒன்று முடிந்ததும் அந்தக் கோடு இன்னும் கொஞ்சம் அகன்றிருக்குமோ என்று தோன்றும், அதற்கு இன்னொன்று. வெளியே வர வழி தெரியாமல் அதற்குள்ளேயே சுற்றினார்.

ஐந்தாம் மாதம் மாத்திரை தொண்டையில் நின்றது. பிறகு சோறு நின்றது. பல்வலி என்று சொல்லிக் கஞ்சியாகக் குடித்தார். ஒருநாள் படிக்கட்டில் மச்சான் கொடுத்த தண்ணீர்கூட இறங்காமல் புரையேறி, சுவரைப் பிடித்துக்கொண்டு கண் பிதுங்க நின்றார். மச்சான் முதுகைத் தட்டப் போய், தட்டலாமா கூடாதா என்று தெரியாமல் கையை அந்தரத்தில் வைத்துக்கொண்டு நின்றார். மூச்சு திரும்பிய பிறகு, "உள்ள வாங்க" என்று அழைத்துப் போய் உட்கார வைத்தார். வழக்கமாகத் தங்கை வருவதற்குள் கிளம்பிவிடுகிறவர் அன்றைக்கு நாற்காலியை விட்டு எழவில்லை.

"நீங்க கெளம்புங்க மச்சான்" என்று கொக்கு மூன்று தடவை சொன்னார்.

மனைவி வந்து பையை வைக்கும் முன்பே மச்சான் சொல்லிவிட்டார். "நான்தான்மா வாங்கிக் குடுத்தேன். தெனமும்."

என்ன வாங்கிக் கொடுத்தார் என்று அவள் கேட்கவில்லை. புருஷனைப் பார்த்தாள்.

"எப்பலேர்ந்து?"

"மூணாவது வாரம்."

அவள் வாய்க்குள் கணக்குப் போட்டாள். "அப்ப டாக்டர் கேட்டப்ப நான் சாட்சி சொன்னேனே. நீங்க என் பக்கத்துலதான உக்காந்திருந்தீங்க."

அவள் சத்தம் போடுவாள் என்று இரண்டு ஆண்களும் காத்திருந்தார்கள். போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் அண்ணனிடம், "எல்லாம் முடியற வரைக்கும் இங்க வராதண்ணே" என்று மட்டும் சொன்னாள். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போகும் சத்தம் மூன்று மாடிக்கும் கேட்டது.

மறுநாள் எடுத்த படத்தில், தகடு முன்பக்கமாக நழுவி உணவுக்குழாயை அழுத்திக்கொண்டிருந்தது தெரிந்தது. இந்த முறை டாக்டர் கேட்பதற்கு முன்பே கொக்கு சொன்னார். எத்தனை, எப்போதிலிருந்து, மேலே கேபினில் குடித்த பதினைந்து உட்பட. மனைவிக்கு அந்தப் பதினைந்து அன்றைக்குத்தான் தெரிந்தது. அவள் சுவரில் மாட்டியிருந்த எலும்புக்கூட்டுப் படத்தைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

டாக்டர் கோபப்படவில்லை. "டிஸ்க்கை எடுத்துட்டு எலும்பை ஒட்ட வைக்கணும். நான் மொதல்லயே சொன்னேனே, சிகரெட் இருந்தா இது சேராது. ரொம்ப நாள் காத்திருக்கவும் முடியாது. மூணு வாரம் தரேன்."

கழுத்துக்குக் கெட்டியான பட்டை போட்டு அனுப்பினார்கள். தாடையைத் தாங்கி நிற்கும். குனியவும் முடியாது, திரும்பவும் முடியாது. மறுநாள் காலை மனைவி கிளம்பும்போது கொக்கு, "வெளியிலேர்ந்து பூட்டிட்டுப் போ" என்றார்.

"எதுக்கு?"

"என்னை நான் நம்பல."

அவள் சாவியை மேஜைமேல் வைத்தாள். "நான் ஜெயிலர் இல்ல. குடிக்கிறதும் குடிக்காததும் உங்க பாடு. ஆனா இந்தத் தடவை எனக்குத் தெரியாம வேணாம். குடிச்சா சொல்லிட்டுக் குடிங்க."

பூட்டியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். திறந்த கதவோடு அவர் எட்டு நாள் உட்கார்ந்திருந்தார். மச்சான் வரவில்லை. படிக்கட்டில் யாருடைய காலடி கேட்டாலும் காது அங்கே போயிற்று. ஒன்பதாம் நாள் சட்டையை மாட்டிக்கொண்டு தெருமுனைக் கடைக்கு இறங்கிப் போனார். கடைக்காரர் அவரைப் பார்த்ததும் கேட்காமலே வழக்கமான பாக்கெட்டை எடுத்துப் பலகைமேல் வைத்தார். தலையை அசைத்து மறுக்கலாம் என்றால் பட்டை விடவில்லை. கடைக்காரர் சில்லறைக்குக் காத்திருந்தார். கொக்கு வாயைத் திறந்துதான் சொல்ல வேண்டியிருந்தது.

"வேணாம்."

"வேற என்ன?"

"ஒண்ணும் வேணாம். சும்மா வந்தேன்."

கடைக்காரர் அவரை ஒரு மாதிரிப் பார்த்தார். மாலையில் மனைவியிடம், கடை வரை போனதைச் சொன்னார். அவள், "சரி" என்று சொல்லிக் கஞ்சியை ஆற்றிக் கொடுத்தாள். அதற்குமேல் ஒரு பாராட்டும் வரவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை என்று சொன்னால் அது பொய்.

இரண்டாவது ஆபரேஷன் நாலு மணி நேரம் ஆனது. பழைய வடுவின்மேலேயே கீறினார்கள். எலும்பு சட்டென்று சேர்ந்துவிடவில்லை. ஒவ்வொரு எக்ஸ்ரேக்கும் "இன்னும் கொஞ்சம்" என்றார் டாக்டர். முழுதாகச் சேர்ந்துவிட்டது என்று சொல்லப் பதினாலு மாதம் ஆயிற்று. சோறு இறங்கியது, கழுத்து வலி போனது. இடது கையின் அந்த இரண்டு விரல்கள் மட்டும் முழு பலத்துக்குத் திரும்பவில்லை. பாத்திரம் தூக்கலாம், சட்டைப் பொத்தான் போட ஒரு நிமிஷம் ஆகும்.

கடைசியாகப் பார்க்கப் போனபோது கொக்கு அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"நான் குடிக்காம இருந்திருந்தா, மொதல்ல வச்சது பிடிச்சிருக்குமா டாக்டர்?"

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். "தெரியாது. பிடிச்சிருக்கலாம். குடிக்காமலே நழுவியும் இருக்கலாம். ஆமாம்னு சொன்னாலும் அது ஊகம்தான், இல்லன்னு சொன்னாலும் ஊகம்தான்."

வெளியே வந்து படி இறங்கும்போது அவர் சொன்னார். "கேட்டியா, தெரியாதுன்னுட்டாங்க."

"கேட்டேன்" என்றாள் மனைவி. "இல்லன்னு சொல்லல."

இரண்டு படி இறங்கியபின், "ஆமாம்னும் சொல்லல" என்று அவளே சேர்த்தாள். அவருடைய இடது கையைப் பிடித்துக்கொண்டாள். கைப்பிடிச் சுவர் அந்தப் பக்கம் இல்லை.

கிரேனில் ஏற மருத்துவச் சான்று கிடைக்கவில்லை. அதே இடத்தில் ஆட்களை மேலே ஏற்றி இறக்கும் கம்பிக்கூண்டு லிஃப்டில் போட்டார்கள். கட்டடத்தின் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு முப்பத்திரண்டு மாடிக்கும் போய் வரும் கூண்டு. ஒரே ஒரு கைப்பிடி, வலது கையே போதும். நேராகப் பார்த்தால் போதும், குனிய வேண்டியதில்லை. காலையிலிருந்து மாலை வரை மேலே போவார், கீழே வருவார். எங்கேயும் இறங்கமாட்டார். சிமெண்ட் மூட்டைகளும் வியர்வையும் ஆட்களுமாக எப்போதும் கூண்டு நிறைந்திருக்கும். தனியாக ஒரு நிமிஷம் கிடைக்காது. சிகரெட்டை விட்டு இரண்டு வருஷம் ஆகிறது. தன்னால் விட முடிந்ததா, கூண்டுதான் விட வைத்ததா என்று அவருக்கு நிச்சயமில்லை.

இருபதாவது மாடியைத் தாண்டும்போது கம்பிகளுக்கு அப்பால் கிரேன் தெரியும். பெட்டிக்குள் இப்போது ஒரு புது ஆள். ஜன்னல் இடுக்கில் சில நேரம் மெலிதாகப் புகை வரும். கொக்கு அதைப் பற்றி யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல வேண்டுமா என்று கிட்டத்தட்டத் தினமும் யோசிக்கிறார்.

மச்சான் இன்னும் கீழே கை காட்டிக்கொண்டுதான் இருக்கிறார். வீட்டுக்கு வரப்போக இருக்கிறார். போன மாதம் ஒருநாள் மழை வந்து வேலை நின்றபோது கூண்டுக்குள் ஒதுங்கினார். இருவர் மட்டும். மழை தகரத்தில் கொட்டியது.

"அன்னைக்கு அந்தக் கம்பிக் கட்டு" என்றார் கொக்கு. அது நடந்த பிறகு இதுதான் முதல் தடவை.

"ம்."

"நீங்க படுத்துட்டீங்க. வாக்கி டாக்கில சத்தமே இல்ல. நான் கொன்னுட்டேன்னு நெனச்சேன்."

மச்சான் நனைந்த ஹெல்மெட்டைக் கழற்றி உள்ளே பார்த்தார். "எனக்கும் அப்படித்தான் தோணுச்சு மாப்ள. செத்துட்டேனோன்னு. அதான் கொஞ்ச நேரம் பேசாம இருந்து பாத்தேன்."

கொக்குக்குச் சிரிப்பு வந்தது. மழை விடும்வரை இருவரும் அங்கேயே நின்றார்கள். பிறகு யாரோ பதினாலாம் மாடியிலிருந்து மணியடித்தார்கள். மச்சான் வெளியே போனார், கொக்கு கம்பிக் கதவை இழுத்துச் சாத்திக் கைப்பிடியைத் திருப்பினார்.